ஓடுவதற்கு ஒரு டொக்டர் துண்டு

பிரான்சில் எனக்கு வாசிக்க முடிந்த முதல் தாள் ரொட்டி சுட்டு விற்கும் ஒரு பாண் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பத்து என்ற இலக்கம், பக்கத்தில் கி.மீ., கையால் கீறிய ஒரு சப்பாத்து, ஒரு தேவாலயக் கோபுரம், ஒன்பதரை மணி. அவ்வளவுதான். மேலே ஒரு மரண அறிவித்தல். கீழே காணாமல்போன நாயின் படம். இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு அந்தத் தாள் என்னை வா என்றது.

அப்போது நான் நோர்மண்டிப் பக்கத்துச் சிறு பட்டணம் ஒன்றில், உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. மனைவியும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு. மற்ற ஆறு நாளும் எப்படியோ போய்விடும். அந்த ஏழாம் நாளை என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்குள் சுவருக்குச் சுவர் நடப்பேன். நான் பிறவியிலேயே இருப்புக்கொள்ளாத ஆள். அந்தத் தாளைக் கண்ட பிறகு என் கால்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

இந்தக் கிராமத்துப் பந்தயங்களைப் பற்றி எந்தப் பேப்பரிலும் வராது. அடுத்த ஊருக்கே தெரியாது. ஞாயிறு விடிய ரயில் ஏறி, பெயர் பிடித்த ஏதாவது நிறுத்தத்தில் இறங்கி, பாண் கடையைத் தேடிப்போய்க் கண்ணாடியைப் பார்க்கவேண்டும். சில ஞாயிறுகளில் ஒன்றும் இருக்காது. ஒரு நீளப் பாணை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்புவேன். சில ஞாயிறுகளில், இன்னும் அரை மணியில் ஓட்டம் என்று இருக்கும். நெஞ்சு துள்ளும். நூறு பேர்கூட இல்லாத ஊரில் அறுபது பேர் அரைக் காற்சட்டையோடு நிற்பார்கள். நகரபிதா மூவர்ணப் பட்டியைக் குறுக்கே போட்டுக்கொண்டு வந்து துவக்கை வானத்துக்கு நீட்டுவார். துவக்குச் சத்தம் கேட்டால் குப்புறப் படுத்துப் பழகிய உடம்பு என்னுடையது. அங்கே அதே சத்தத்துக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டு எழும்பி முன்னுக்கு ஓடினார்கள். அந்த ஒரு கணத்துக்காகவே எத்தனை ரயிலும் ஏறலாம் என்றிருந்தது.

முதல் பந்தயத்தில் பெயர் பதியும் மேசையில் இருந்த பெண் ஏதோ ஒரு துண்டு கேட்டாள். என்னிடம் இல்லாத கடதாசிகளின் பட்டியல் நீளமானது. இன்னொன்றும் இல்லையென்று கையை விரித்தேன். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இதயம். பிறகு, சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்த ஒரு நரைத்தலை மனிதரைக் கூப்பிட்டாள். அவர்தான் அந்த ஊர் டொக்டர். தானும் ஓடத்தான் வந்திருந்தார். காரிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவந்து, தேவாலயப் படியில் என்னை இருத்தி, நெஞ்சில் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். என் முகத்தைப் பார்த்து ஏதோ வினவினார். அந்த மொழியில் எதைக் கேட்டாலும் ஆமென்று சொல்லும் காலம் அது. ஆம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். ஓடுகிறவனுக்கு டொக்டர் துண்டு வேண்டும், அதுதான் அங்கே வழமை.

அன்று பத்துக் கிலோமீற்றரும் அவர் என் தோளோடு தோளாக ஓடிவந்தார். மாடுகளுக்கு நடுவே, அப்பிள் தோட்டங்களுக்கு நடுவே, பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி. என்னை முந்த அவரால் முடியவில்லை என்றுதான் நினைத்தேன். ஏற்றங்களில் கொஞ்சம் விசையாக ஓடியும் காட்டினேன்.

அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் எத்தனையோ ஊர்களில் ஓடினேன். ஒரு ஊரில் அதிர்ஷ்டக் குலுக்கலில் ஒரு முழுப் பன்றித்தொடை விழுந்தது. நான் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன். அதைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து சமையற்காரரிடம் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு கிழமை முழுவதும் அவர் என்னைத் திட்டவே இல்லை.

பிறகு கனடா. ரொறொன்ரோவின் வடகிழக்கு மூலையில், ரூஜ் பக்கம், வரிசை வீடுகளில் ஒன்று. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பிக்கரிங்கில் கார் உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை எனக்கு. ஐந்து ஆண்டுகள் ஓடவே இல்லை. ஓடவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு நாற்பத்திரண்டு வயதானபோது, ஒரு ஏப்ரல் காலையில் வேலைக்குப் போகும் வழியில் தவறான திருப்பத்தில் திரும்பிவிட்டேன். 401 நெடுஞ்சாலைக்குப் போகவேண்டியவன் வடக்கே போய்விட்டேன்.

பதினைந்து நிமிடம். அவ்வளவுதான் எடுத்தது. வீடுகள் சட்டென்று நின்றன. கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நகரம் முடிந்தது. அதற்கு அப்பால், உழுத கறுப்பு மண் வானம் தொடும்வரைக்கும் கிடந்தது. சிவப்புக் களஞ்சியங்கள். ஓடையில் கடைசிப் பனிக்கட்டி. ஐந்து ஆண்டுகளாக இத்தனை பெரிய ஒன்று என் முதுகுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது; ஒருவரும் சொல்லவில்லை. காரை ஓரமாக நிறுத்தி இறங்கி, வாய் திறந்தபடி நின்றேன். அந்த மண்ணில் மாரிக்காலம் முழுதும் உறங்கியது ஏதோ மூச்சுவிடுகிற வாசனை. பத்துக் கிலோமீற்றர் என்றது கால்.

அன்று வேலைக்கு நாற்பது நிமிடம் பிந்திப்போனேன்.

இங்கேயும் ஊர்ப்பந்தயம் இருக்கும், இருந்தே ஆகவேண்டும். எங்கே தேடுவது? இங்கே பாண் கடை இல்லை. பாண் பொலித்தீன் பையில் சுப்பர்மார்க்கெட்டில் கிடக்கிறது. நகரத்துக்குள் பெரிய ஓட்டங்கள் நடந்தன, ஆயிரக்கணக்கில் ஆட்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல. அடுத்த ஊருக்குத் தெரியாத ஓட்டம் ஒன்று.

எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒரு அண்ணை இருந்தார். கடைகளுக்கு ரோல்ஸ், பற்றிஸ் என்று எங்கள் ஊர்ச் சிற்றுண்டிகளைக் கொண்டுபோய்ப் போடும் வான் அவருடையது. அஜக்ஸ் வரைக்கும் எல்லாத் தெருவும் பாடம். சனிக்கிழமைகளில் அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வடக்கே போகத் தொடங்கினேன். தபாற்கந்தோர், இரும்புக்கடை, தேவாலய வாசல், உழவு இயந்திரம் விற்கிற இடம். நான் இறங்கிப்போய் அறிவித்தல் பலகைகளைப் பார்ப்பேன். அண்ணை இறங்கமாட்டார். எஞ்சினை நிறுத்தவும் மாட்டார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரரிடம் போய் இங்கே எங்கே ஓடுவது என்று கேட்டால் பொலிஸுக்குத்தான் போன் போகும் என்பது அவருடைய உறுதியான கருத்து.

"நாங்கள் எல்லாரும் ஓடி வந்து இடம் தேடின சனம், தம்பி," என்றார் ஒரு நாள். "ஓடுறதுக்கு இடம் தேடுற ஆளை இப்பதான் காணுறன்."

ஐந்தாவது சனிக்கிழமை, மாட்டுத்தீவனம் விற்கிற கடையில், வைக்கோல் விற்பனைக்கும் பூனைக்குட்டிகள் இலவசத்துக்கும் நடுவில், நான் அதைக் கண்டேன். பத்துக் கிலோமீற்றர். புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி, தேவாலய முன்றலில் தொடக்கம், முடிந்ததும் அப்பிள் பை, பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரம். போட்டோக்கொப்பி எடுத்த தாள், கொஞ்சம் சரிந்து. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைக்காரரிடம் கேட்டு, ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வானுக்கு ஓடினேன். அண்ணை அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பை சும்மா குடுப்பாங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கோடை முழுவதும் ரூஜ் பள்ளத்தாக்கில் ஓடினேன். ஓட்டத்துக்கு ஐந்து கிழமை இருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது: துண்டு. டொக்டர் துண்டு இல்லாமல் எப்படி ஓடுவது? மனைவி சிரித்தாள். நாற்பத்திரண்டு வயதில் ஓடுவதே ஒரு விளையாட்டு, அதற்குள் உதுக்கெல்லாம் சேட்டிபிக்கற் வேறேயோ என்றாள். அந்தத் தாளில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லைத்தான். ஆனால் வழமை வழமைதான். ஸ்காபரோவில் எங்கள் குடும்ப டொக்டரிடம் போனேன்.

தமிழர், வயதானவர், பகிடிக்காரர். இந்த நாட்டில் ஒருவரும் அப்படிக் கேட்பதில்லையே, இத்தனை வருசத்தில் ஓடுவதற்கு அனுமதி கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்றார். வேலைக்குப் போகாமல் இருக்கத்தான் சனம் துண்டு கேட்கிறது என்றார். சிரித்துக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார்.

சிரிப்பு நின்றது.

இடம் மாற்றினார். முன்னுக்குக் குனியச் சொன்னார். மூச்சை விட்டு அப்படியே நிற்பாட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முந்தி ஆரும் உங்களுக்குச் சொன்னவையோ?"

"என்னத்தை?"

"ஒரு சத்தம் கேக்குது. வால்விலயாக்கும். ஸ்கான் எடுத்துப் பாப்பம். அதுவரைக்கும் ஓடாதேங்கோ."

நோர்மண்டித் தேவாலயப் படி எனக்குள் குளிர்ந்துபோய் எழுந்தது. அந்த நரைத்தலை மனிதர் அவ்வளவு நேரம் கேட்டது அதைத்தான். முகத்தைப் பார்த்து வினவியது அதைத்தான். ஆம், தெரியும் என்று நான் சொல்லியிருக்கிறேன். போகவிட்டார், ஆனால் தனியே விடவில்லை. தன் சொந்த ஊரில், தன் சொந்தப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து, பத்துக் கிலோமீற்றரும் முன்பின் தெரியாத ஒருவனின் முகத்தைப் பார்த்தபடி ஓடியிருக்கிறார். நான் ஏற்றங்களில் அவருக்கு விசை காட்டியிருக்கிறேன். அந்தக் கிளினிக்கில், பொத்தான் போடாத சட்டையோடு, எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. இப்படியும் ஒரு மனிதன் இருந்திருக்கிறான். பெயர்கூடக் கேட்டதில்லை.

வீட்டில் மனைவி ஒன்றும் கத்தவில்லை. என் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு போய் நிலவறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். ஏழு ஆண்டுகள் என்னைக் காணாமல் இருந்தவள். இனி ஒரு ஓட்டத்துக்காக என்னை இழப்பதற்கு அவள் தயாரில்லை. அதைச் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எனக்கோ, அந்த வயலை ஒருமுறை கண்டபிறகு அதற்குள் ஓடாமல் போவது, கதவைத் திறந்து காட்டிவிட்டு அடித்துச் சாத்துவதுபோல் இருந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பயங்கள், இரண்டும் ஒரே இதயத்தைப் பற்றியவை.

மூன்று கிழமை கழித்து ஸ்கான். இருட்டாக்கிய அறை. ஒரு பெண் நெஞ்சில் குளிர்ந்த களியைப் பூசி, கருவியை அழுத்தி, திரையை என் பக்கம் திருப்பினாள். என் இதயத்தை நான் பார்த்தேன்.

இதைச் சொல்ல எனக்கு இன்னும் சொல் வாய்க்கவில்லை. சாம்பல் நிறக் கடலுக்குள் ஏதோ ஒன்று திறந்தது, மூடியது, திறந்தது. ஈரமான காலால் யாரோ விடாமல் ஓடுகிற சத்தம். நான் பிறக்குமுன்னரே புறப்பட்டு, நான் உறங்கும்போதும், குப்புறப் படுத்திருந்தபோதும், விமான நிலையங்களில் உறைந்துபோய் நின்றபோதும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஓட்டக்காரன் என்று நினைத்திருந்தேன். நான் வெறும் பார்வையாளன். மூன்று இதழ் இருக்கவேண்டிய வால்வில் எனக்கு இரண்டுதான் என்று பின்னர் சொன்னார்கள். இரண்டை வைத்துக்கொண்டு இத்தனை காலம். மேசையில் கிடந்தபடி நான் அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய் நோகிறதா என்று கேட்டாள்.

இதய நிபுணரிடம் மனைவியும் வந்தாள். சிறு கசிவு, பிறவியிலேயே வந்தது, வருடாவருடம் பார்க்கவேண்டும். ஓடலாம் என்றார். ஆனால் பந்தயமாக அல்ல. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். பேச்சு எங்கே தடக்குகிறதோ அங்கே நடக்கவேண்டும். அதைக் கடிதமாகவும் எழுதித் தந்தார். மனைவி வாகனத் தரிப்பிடத்தில்தான் வாய் திறந்தாள்.

"கதைச்சுக்கொண்டு ஓடுறதெண்டா ஆரோட கதைப்பியள்? வீட்டிலயே கதைக்கிறேல்லை."

"தனியக் கதைப்பன்."

"அப்ப வேற டொக்டரட்டத்தான் அனுப்புவினம்." கார்க் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். "நான் வாறன். சைக்கிளில."

ஊரில் தினமும் ஆறு மைல் சைக்கிள் மிதித்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் அவள். மகள் தன் ஊதாச் சைக்கிளைத் தந்தாள், ஒரேயொரு நிபந்தனையோடு: "அம்மா, ப்ளீஸ், பெல் மட்டும் அடிக்காதேங்கோ."

புரட்டாதிச் சனிக்கிழமை அண்ணையின் வானுக்குள், ரோல்ஸ் தட்டுகளுக்கு நடுவே சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனோம். தேவாலய முன்றலில் எண்பது பேர் இருக்கும். மேசைக்குப் பின்னால் விவசாயத் தொப்பி போட்ட, பெரிய உடம்புள்ள ஒரு பெண்மணி. நான் கடிதத்தை நீட்டினேன். இங்கே ஒருவரும் அதைக் கேட்பதில்லை என்று தெரிந்தும் நீட்டினேன். முழுவதும் வாசித்துவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தாள். ஓட்டக்காரருக்குப் பக்கத்தில் சைக்கிள் விடமுடியாது என்றாள். மனைவியின் முகம் இறுகியது.

பிறகு அந்தப் பெண்மணி ஒரு யோசனை சொன்னாள். கடைசி ஆளுக்குப் பின்னால் வழமையாகச் சைக்கிளில் வரும் மனிதர் இன்று வரவில்லை. அவருடைய மாடு கன்று போடப்போகிறதாம். அந்த வேலையை மனைவி செய்யலாமா? கடைசி ஆளை விட்டு முன்னே போகக்கூடாது. முடிவில் வந்து, பாதையில் இனி ஒருவரும் இல்லை என்று சொல்லவேண்டும். அதன் பிறகுதான் தெருவைத் திறப்பார்கள். மனைவி செம்மஞ்சள் மேலங்கியைச் சல்வாருக்கு மேலே போட்டுக்கொண்டு நேராக நிமிர்ந்தாள். பள்ளிக்கூட வாசலில் அப்படித்தான் நிற்பாளாம்.

துவக்கு இல்லை, தேவாலய மணி அடித்தது. மற்ற எல்லாரும் சோளக் காட்டுக்குள் புகுந்து மறைந்தார்கள். பின்தங்கியவர்கள் இரண்டு பேர்: நானும், சிவப்புத் தொப்பி போட்ட, எண்பது வயதை எட்டியிருக்கக்கூடிய ஒரு கிழவரும். அவர் ஓடுகிறாரா நடக்கிறாரா என்று சொல்லமுடியாது. எனக்குக் கால் பறந்தது. அவரைத் தாண்ட இரண்டு எட்டு வைத்தேன்.

"நீங்கள் அவரைத் தாண்டினா நான் உங்களோட வரேலாது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கு இஞ்ச வேலை இருக்கு."

அப்படித்தான் நான் வாழ்க்கையில் முதல்முறையாக, வேண்டுமென்றே கடைசியாக ஓடினேன். அப்படி ஓடியபோதுதான் எல்லாவற்றையும் பார்த்தேன். என் உயரத்துக்கு மேல் நின்ற சோளம், காற்றில் கடதாசிபோல் சரசரத்தது. பூசணிகள் வயலில் சூரியன்களாகக் கிடந்தன. வாத்துக்கூட்டம் ஒன்று எங்களுக்கு மேலாக, ஏதோ சண்டை பிடித்துக்கொண்டு, தெற்கே போனது. பிரான்சில் நான் ஓடிய ஊர்களில் இதெல்லாம் இருந்திருக்கும். முன்னே போகிறவனின் முதுகைத் தவிர நான் எதையும் கண்டதில்லை.

அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். பரீட்சை மாதிரி. அங்கே என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை பேர் ஒரு அறையில், குளிருக்கு என்ன போர்வை. நான் விடை சொல்லிச் சொல்லி ஓடினேன். பன்றித்தொடைக் கதையைக் கேட்டு அவள் சிரித்ததில் சைக்கிள் ஆடிப்போனது. கிழவர் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார்.

ஏழாவது கிலோமீற்றர்ப் பலகையைத் தாண்டியதும் கேட்டாள்.

"ஒரு ஏழு மாசம் கடிதம் வரேல்லை. ஏன்?"

அந்தக் கேள்வி எங்களுக்குள் எத்தனையோ ஆண்டுகளாக இருந்தது. அவள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

"நீங்கள் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிப்போட்டியள் எண்டு சந்தையடியில கதைச்சவை," என்றாள். "நான் செத்துப்போனியள் எண்டுதான் நினைச்சனான்."

எனக்குப் பேச்சுத் தடக்கியது. நடந்தேன். அவள் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு வந்தாள்.

"கேசை நிராகரிச்சுப்போட்டாங்கள்," என்றேன். "அதை எப்பிடி உமக்கு எழுதுறது? ஒவ்வொரு ஞாயிறும் எழுத எண்டு இருப்பன். முதல் வரியோட ஏலாமல்போகும். எழும்பிப் போய் ரயில் ஏறி எங்கயாவது ஓடிப்போட்டு வருவன்."

சைக்கிள் சங்கிலியின் சத்தம் மட்டும். ஒரு முழு ஏற்றம் முடியும்வரைக்கும் அவள் அதை உருட்டிக்கொண்டே வந்தாள். மேட்டின் உச்சியில் நின்றபோது நாலு பக்கமும் வயல், அதன் விளிம்பில் நீலமாக ஒரு கோடு. ஏரியாக இருக்கவேண்டும். அவளும் அதைப் பார்த்தாள்.

"மூச்சு வாங்குதோ?"

"இல்லை."

"அப்ப மிச்சத்தையும் கதையுங்கோ," என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினாள்.

மிச்சத்தையும் கதைத்தேன். நிராகரித்த பிறகு எங்கெங்கே ஒளிந்திருந்தேன், யார் யார் சாப்பாடு போட்டார்கள், எந்தப் பாலத்தில் ஒரு நாள் நெடுநேரம் நின்றேன் என்பது வரைக்கும். மூன்று கிலோமீற்றருக்குள் அது எல்லாம் அடங்கிவிட்டது என்பதே எனக்கு ஆச்சரியம்.

தேவாலய முன்றலில் எல்லாரும் கையில் பைத் துண்டோடு நின்றார்கள். சிவப்புத் தொப்பிக் கிழவர் கோட்டைத் தாண்டினார், கைதட்டினார்கள். அடுத்து நான், அதே அளவுக்குக் கைதட்டினார்கள். தொப்பிக்காரப் பெண்மணி மனைவியிடம் வந்து, தெருவில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

 மனைவி சைக்கிளைத் திருப்பி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி, வந்த வழியைப் பார்த்தாள். சோளக் காடு, கறுப்பு மண் ஓரம், வெயில். தெரு மேடேறி மறையும் இடம் வரைக்கும் பார்த்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஒருத்தரும் இல்லை," என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள்.